பத்து மிளகும் ஒரு வெள்ளை எலியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

"பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம்" என்பது நம் பழமொழி. மிளகு விஷத்தை முறிக்கும் என்பது அதன் கருத்து. நமக்கு மிளகு தூரத்துச் சரக்கு அல்ல. லோயர்கேம்ப் தாண்டிக் குமுளி ஏறினால் மரத்துக்கு மரம் மிளகுக்கொடிதான். கம்பம் பள்ளத்தாக்கில் சளி பிடித்தால் மிளகு ரசம், தொண்டை கட்டினால் மிளகுப் பால், இருமல் நிற்காவிட்டால் ஆடாதொடை இலைக் கஷாயத்தில் திப்பிலி தட்டிப் போடுவது என்று வளர்ந்தவர்கள் நாம்.

சில வருடங்களாக நம் பக்கத்து வீடுகளில் புதிதாக ஒரு டப்பா தென்படுகிறது. மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த கேப்சூல். "மிளகு சேர்ந்தால் மஞ்சள் 2000 சதவீதம் கூடுதலாக உடம்பில் சேரும்" என்று சொல்லி விற்கிறார்கள். "இது உண்மையா சார்? பிரஷர் மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா சார்?" என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த 2000 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஊட்டி, ஜம்மு, மைசூர், பெங்களூர் என்று ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

உடம்பிலும் ஒரு செக்போஸ்ட்

முதலில் ஒரு சின்னப் பாடம். வாயில் போட்ட மாத்திரை குடலில் கரைகிறது. அங்கே உறிஞ்சப்பட்ட மருந்து நேராக ரத்த ஓட்டத்தில் கலந்து உடம்பெல்லாம் போய்விடுவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. பள்ளத்தாக்கிலிருந்து கேரளா போகும் லாரி குமுளி செக்போஸ்ட்டில் நின்றுதானே போக வேண்டும், அதுபோல.

கல்லீரலில் இருக்கும் நொதிகள் வருகிற சரக்கைப் பிரித்துப் பார்க்கின்றன. தனக்குச் சம்பந்தமில்லாத அந்நியப் பொருள் என்றால் அதை வெட்டி, ஒட்டி, நீரில் கரைகிற மாதிரி மாற்றி, சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியே அனுப்பப் பார்க்கின்றன. அந்தச் சோதனையில் தப்பி ரத்தத்தில் கலக்கிற மிச்சம்தான் வேலை செய்யும் மருந்து. ஆகவே, நாம் எவ்வளவு விழுங்கினோம் என்பது ஒரு கணக்கு, எவ்வளவு ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறொரு கணக்கு. மருந்து ஆராய்ச்சியில் பாதிச் சண்டை இந்த இரண்டாவது கணக்கைப் பற்றித்தான்.

சாம்பிராணியில் தொடங்கிய கதை

செடியிலிருந்து வரும் ஒரு பொருள் உடம்புக்குள் போய் வேறு பொருளாக மாறுகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது சாம்பிராணி என்றால் நம்புவீர்களா? சுமத்ரா பக்கத்துச் சாம்பிராணிப் பிசினில் பென்சாயிக் அமிலம் இருக்கிறது. 1829-ல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்த ஓர் அமிலத்துக்கு, குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹிப்பூரிக் அமிலம்' என்று பெயர் வைத்தார். 1841, 1842 ஆண்டுகளில் லண்டனில் அலெக்சாண்டர் யூர், ஜெர்மனியில் கெல்லர் ஆகியோர், பென்சாயிக் அமிலத்தை உட்கொண்ட மனிதரின் சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலம் வருவதைக் காட்டினார்கள். பென்சாயிக் அமிலத்தோடு கிளைசின் என்ற அமினோ அமிலத்தை உடம்பே சேர்த்து, வெளியே தள்ளுவதற்கு வசதியான பொருளாக மாற்றிவிடுகிறது. புல் மேய்கிற குதிரையின் உடம்பில் நாள் முழுக்க நடக்கிற வேலையும் இதுதான்.

இந்தக் காலத்தில்தான் செடிகளின் சாரத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் வேலையும் மும்முரமாக நடந்தது. மிளகின் காரப்பொருளான பைப்பரினை 1819-ல் பிரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட். பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்களே, மின்சாரம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதை 1820-ல் கண்டுபிடித்தவர், அவரேதான். காந்த ஊசிக்கு ஒரு வருடம் முன்பு அவர் கையில் இருந்தது மிளகு.

ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரர்

நம் மாநிலத்துப் பங்கும் இதில் உண்டு. நீலகிரியில் சின்கோனா மரம் வளர்த்துக் கொய்னா எடுத்த காலத்தில், மதராஸ் அரசாங்கம் டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளரை உதகமண்டலத்தில் வேலைக்கு வைத்திருந்தது. கொய்னாவோடு நிற்காமல், நம் நாட்டு மூலிகைகளையும் அவர் ஆராய்ந்தார். 1888-ல் ஆடாதொடை இலையிலிருந்து வாசிசின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தார். நம் வேலியோரத்தில் ஆடுகூடத் தொடாமல் நிற்குமே, அதே ஆடாதொடைதான்.

அந்த வாசிசினை முன்மாதிரியாக வைத்துத்தான் பின்னாளில் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். புரோம்ஹெக்சின் உடம்புக்குள் போனதும் என்னவாக மாறுகிறது என்று ஆராய்ந்தபோது, மாறிவந்த பொருளே நல்ல மருந்தாக இருந்தது. அதுதான் அம்ப்ராக்சால். இன்று குழந்தைகளுக்கு வாங்கும் இருமல் டானிக் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இந்தப் பெயர் இருக்கும். நம் வேலியோரத்து இலைக்கும் மருந்துக்கடை பாட்டிலுக்கும் நடுவில் உறவு சேர்த்து வைத்தது கல்லீரலின் அந்தச் செக்போஸ்ட்தான்.

210 மருந்துகளில் ஒரே சரக்கு

அடுத்த காட்சி ஜம்மு. இந்திய மருந்தியலின் தந்தை என்று போற்றப்படும் ராம்நாத் சோப்ரா, கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நம் நாட்டு மூலிகைகளை முறையாகச் சோதிக்கும் வழக்கத்தை வளர்த்தவர். ஜம்முவில் 1941-ல் தொடங்கிய மருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவரே முதல் இயக்குநர். அந்தக் கூடம் பின்னால் மத்திய அரசின் மண்டல ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. இன்று அதன் பெயர் இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம்.

1970-களின் இறுதியில் அங்கே இயக்குநராக இருந்த சி. கே. அடல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆயுர்வேத மருந்துப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால், நோய் எதுவாக இருந்தாலும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் அல்லது மூன்றில் ஒன்றாவது கூடவே வருகிறது. வீட்டு மருத்துவக் கையேடு ஒன்றில் இருந்த 370 கூட்டு மருந்துகளில் 210-ல் இந்தச் சரக்குகள் இருந்தன. காய்ச்சலுக்கும் அதுவே, இருமலுக்கும் அதுவே, வயிற்றுக்கும் அதுவே. ஒரே சரக்கு இத்தனை நோயையும் குணப்படுத்த முடியுமா?

இது நமக்குப் பழகிய மூவர்தான். திரிகடுகம் என்று சித்த மருத்துவத்தில் சொல்கிறோம். பதினெண்கீழ்க்கணக்கில் நல்லாதனார் எழுதிய நூலுக்கே இந்தப் பெயர்தான். மூன்று மருந்து உடலுக்கு நலம் தருவதுபோல, பாட்டுக்கு மூன்று கருத்து சொல்லி உள்ளத்துக்கு நலம் தருவதால் அந்தப் பெயர் என்று வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கும்.

அடல் வேறுவிதமாக யோசித்தார். திரிகடுகம் அந்த நோய்களைத் தானே குணப்படுத்தாமல், கூட வரும் மருந்தை ரத்தத்தில் அதிகமாகச் சேர்த்துவிடும் வேலையைச் செய்கிறதோ? ஆடாதொடையோடு திப்பிலி சேர்த்தால் ஆஸ்துமாவுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று போஸ் என்பவர் 1929-லேயே எழுதி வைத்திருந்தார். நம் பாட்டிமார் கஷாயத்திலும் அதே ஜோடிதான். ஆனால் எழுதி வைத்ததும் பாட்டி சொன்னதும் தடயம் மட்டுமே. சாட்சி வேண்டுமே!

சாட்சியை விலங்குகளின் ரத்தத்தில் தேடினார்கள். ஹூப்பர் பிரித்த அதே வாசிசினைத் தனியாகவும், திப்பிலியோடு சேர்த்தும் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். 1981-ல் முடிவு வெளிவந்தது. திப்பிலி சேர்ந்தபோது ரத்தத்தில் வாசிசின் ஏறக்குறைய 233 சதவீதம் கூடியிருந்தது. ஸ்பார்டீன் என்ற இன்னொரு தாவர ஆல்கலாய்டைத் திரிகடுகத்தோடு கொடுத்தபோது அதுவும் 100 சதவீதத்துக்கு மேல் கூடியது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம், அல்லது இரண்டுமாகவும் இருக்கலாம் என்றார்கள்: குடல் வேகமாக உறிஞ்சுகிறது, அல்லது கல்லீரல் தன் சோதனையில் அசட்டையாக இருந்துவிடுகிறது.

தூங்கி வழிந்த சுண்டெலிகள்

1985-ல் அடல், துபே, சிங் மூவரும் அடுத்த கேள்விக்குப் போனார்கள். எலியின் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிகளைப் பைப்பரினோடு சேர்த்துப் பார்த்தார்கள். மருந்தைச் சிதைக்கும் பல நொதிகளின் வேலை, பைப்பரின் கூடக்கூடக் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு சுண்டெலிகளுக்கு ஹெக்சோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து. சாதாரணமாகக் கல்லீரல் அதைச் சிதைத்து முடித்ததும் சுண்டெலி எழுந்துவிடும். எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதே கல்லீரல் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதற்கு அளவுகோல். எவ்வளவு எளிமையான, அழகான சோதனை பாருங்கள்! பைப்பரின் கொடுத்த சுண்டெலிகள் எழுந்திருக்கவே இல்லை, வெகுநேரம் தூங்கின. கல்லீரல் நொதிகளை முடக்குவதற்கென்றே ஆய்வகங்களில் வைத்திருக்கும் ஒரு ரசாயனம் செய்கிற வேலையை, அதில் பாதி அளவிலேயே மிளகின் சாரம் செய்தது.

ஆக, விடை கிடைத்துவிட்டது. மிளகு செக்போஸ்ட் அதிகாரியைப் பேச்சில் மயக்கி நிறுத்தி வைக்கிறது. அந்த நேரத்தில் லாரி கடந்துவிடுகிறது. லாரியில் என்ன சரக்கு என்று மிளகு பார்ப்பதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மைசூரில் மஞ்சளைத் துரத்தியவர்கள்

இதே காலத்தில் மைசூரில், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், விஜயலட்சுமி ரவீந்திரநாத்தும் சந்திரசேகராவும் மஞ்சளின் சாரமான குர்குமினைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். (அந்த விஜயலட்சுமி பின்னாளில் நாட்டின் முக்கியமான மூளை ஆராய்ச்சியாளர்களில் ஒருவரானார்.) எலி ஒன்றுக்கு 400 மில்லிகிராம் குர்குமின். சின்ன உயிருக்கு அது பெரிய அளவு. 1980-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: கொடுத்ததில் சுமார் 60 சதவீதம் உறிஞ்சப்பட்டுவிட்டது. 24 மணி நேரம் கழித்தும் சுமார் 38 சதவீதம் பெருங்குடல் பக்கம் அப்படியே கிடந்தது.

உறிஞ்சப்பட்ட அந்த 60 எங்கே போனது? குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் லேசான தடம் இருந்தது. கல்லீரலைத் தாண்டி இதயத்துக்கு வந்த ரத்தத்தில் குர்குமினே இல்லை. சிறுநீரிலும் குர்குமினாக இல்லை, உருமாறிய கூட்டுப்பொருட்களாகத்தான் வெளியேறியது. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் பூஜ்யம். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகப் படமும் விளக்கிவிட முடியாது.

அதே மைசூரில் 1986-ல் பட்டும் சந்திரசேகராவும் பைப்பரினையும் இப்படித் துரத்தினார்கள். கொடுத்ததில் சுமார் 97 சதவீதம் எலியின் உடம்பில் உறிஞ்சப்பட்டுவிட்டது. மஞ்சள் தயங்கி நிற்கிற இடத்தில் மிளகு சரசரவென்று உள்ளே போய்விடுகிறது.

அந்த 2000 பிறந்த இடம்

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஷோபாவும் சகாக்களும் பார்த்தார்கள். எலிகளில், பைப்பரின் சேர்த்தபோது குர்குமின் 154 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்தது. ஆரோக்கியமான மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது 2000 சதவீதம். டப்பாவில் இருக்கும் எண் இதுதான். எண் பொய்யல்ல.

ஆனால் கணக்கு டீச்சர் கேட்கிற கேள்வியை நாமும் கேட்க வேண்டும்: எதிலிருந்து 2000 சதவீதம்? அந்த மனிதர்களுக்குக் குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அது கண்டுபிடிக்கவே முடியாத அளவில், அல்லது மிகமிகக் குறைவாக இருந்தது. ஏறக்குறைய ஒன்றுமில்லாததை இருபது மடங்கு பெருக்கினாலும் கொஞ்சம்தான். பைப்பரினால் வந்த ஏற்றமும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. ரத்தத்தில் கொஞ்ச நேரம் கூடியது என்பது ஓர் உண்மை. அதனால் மூட்டுவலி தீரும், புற்றுநோய் அண்டாது என்பது வேறு பேச்சு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள். எலியில் 154, மனிதரில் 2000 என்ற வித்தியாசத்தையும் பாருங்கள். எலியின் கணக்கை அப்படியே மனிதருக்கு எழுதிவிட முடியாது.

காசநோய் மாத்திரையில் மிளகு

ஜம்முக்காரர்களின் கனவு மஞ்சள் அல்ல, காசநோய். ரிஃபாம்பிசின் என்பது காசநோய்க்கு உயிர்நாடியான மருந்து. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், கல்லீரலைப் பதம் பார்க்கும். பைப்பரின் சேர்த்தால் அளவைக் குறைக்கலாமே என்று பல வருடங்கள் உழைத்தார்கள். 2009-ல் அகமதாபாத்தின் காடிலா நிறுவனத்தோடு சேர்ந்து 'ரிசோரின்' என்ற மருந்து வந்தது. வழக்கமான 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக 200, கூடவே ஐசோநியாசிட் 300, பைப்பரின் 10 மில்லிகிராம். அஞ்சறைப்பெட்டியில் இருந்த ஒரு யோசனை, முப்பது வருட உழைப்பில், முறையான அனுமதியோடு மருந்துச் சீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் தன் காசநோய் மாத்திரையைப் பாதியாக உடைத்து மிளகோடு விழுங்கிவிடக் கூடாது. அது அளந்து, சோதித்து, ஒரே மாத்திரையாகச் செய்த கணக்கு. அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரைக்கு அதன் கணக்கு வேறு. அதை ஒரு வேளைகூடக் குறைக்கவோ விடவோ கூடாது.

பழமொழி திரும்பி நிற்கும் இடம்

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். லாரியில் என்ன சரக்கு என்று மிளகு பார்ப்பதில்லை.

தியோபிலின் (ஆஸ்துமா), புரோப்ரனலால் (ரத்த அழுத்தம், படபடப்பு), ஃபெனிடாயின் (வலிப்பு) ஆகிய மருந்துகளோடு பைப்பரின் கொடுத்து மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். மூன்றிலும் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடியது. இவற்றில் தியோபிலினும் ஃபெனிடாயினும் கயிற்றின் மேல் நடக்கிற மருந்துகள். கொஞ்சம் குறைந்தால் பலனில்லை, கொஞ்சம் கூடினால் நஞ்சு. டாக்டர் பார்த்துப் பார்த்து வைத்த அளவை, அவருக்குத் தெரியாமல் ஒரு கேப்சூல் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? தலைசுற்றல், தள்ளாட்டம், வாந்தி என்று வரும். "வயசாகிவிட்டது" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவக் குழு ஒன்று, மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் எழுதியது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். சிலர் சாப்பிட்ட கேப்சூலில் மிளகுச் சத்தும் இருந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் மஞ்சள் சாப்பிடுகையில் 10 என்பது சின்ன எண்தான். அந்தப் பத்தில் ஒன்று நம் வீட்டு ஆளாக இருந்தால் அது சின்ன எண் இல்லை.

மிளகு விஷத்தை முறிக்கும் என்றது பழமொழி. உடம்புக்குள் விஷத்தை முறிக்கிறவர் கல்லீரல். எலி சொன்ன சாட்சியின்படி, மிளகின் சாரம் அவர் கையைத்தான் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிறது. நம் முன்னோர் கவனித்தது உண்மை: மிளகு சேர்ந்தால் ஏதோ நடக்கிறது. என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல அளவுகோல் வேண்டியிருந்தது. முன்னோரை மதிப்பது என்றால் அவர்கள் விட்ட இடத்திலிருந்து அளந்து பார்ப்பதும் சேர்ந்ததுதான்.

அப்படியானால் மிளகு ரசத்தை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். ஒரு வகுப்பறைக் கணக்கு போடுவோம். பத்து மிளகு ஏறக்குறைய அரை கிராம். நல்ல மிளகில் நூற்றில் ஐந்து பங்கு பைப்பரின் என்று வைத்தால், பத்து மிளகில் 25 மில்லிகிராம். பெங்களூரில் கொடுத்த 20-க்குப் பக்கம்தான்! ஆனால் ரசத்தில் போட்ட மிளகு நாலைந்து பேருக்குப் பிரிகிறது, பாதி அடியில் தங்குகிறது, சோற்றோடு மெதுவாகப் போகிறது. கேப்சூல் அப்படியில்லை. பிரித்தெடுத்த சாரம், ஒரே விழுங்கில், தினமும், பல சமயம் மாத்திரையோடு மாத்திரையாக. அடுப்படியில் இருக்கும்வரை அது உணவு. சாரம் பிரித்துக் கேப்சூலில் அடைத்தால் அது மருந்து. மருந்துக்குரிய மரியாதையையும் பயத்தையும் அதற்குத் தர வேண்டும்.

ஆகவே, கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில் இதுதான். தினமும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறவராக இருந்தால், குறிப்பாக வலிப்பு, ஆஸ்துமா, இதயம், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை என்றால், மிளகுச் சத்து கேப்சூலை டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "இது சும்மா மூலிகைதானே" என்று மறைக்காதீர்கள். சித்த மருத்துவரிடம் போனாலும், சாப்பிடுகிற இங்கிலீஷ் மருந்தின் பெயரை மறைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வரலாற்றில் பெயர் எழுதப்படாத பங்காளிகள் அந்த எலிகளும் சுண்டெலிகளும். விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 1960-ல் சட்டம் வந்தது, அதன்படி 1964-ல் ஒரு குழுவும் அமைந்தது. தேவையில்லாமல் ஓர் உயிரும் வதைபடக் கூடாது என்பது அதன் நோக்கம். அவை உயிர் கொடுத்துச் சொன்ன சாட்சியில், விற்பனைக்கு உதவுகிற 2000-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிடுவது நியாயமில்லை.

உங்கள் வீட்டுப் பாட்டிமார் எந்த மருந்தோடு எதைச் சேர்த்துக் கொடுத்தார்கள்? தேனா, நெய்யா, திப்பிலியா? கருத்தில் எழுதுங்கள். எழுதி வைத்தால்தானே நாளைக்கு ஒருவர் அளந்து பார்க்க முடியும். மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் உள்ள வீடுகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.